சாகச முகாமுக்குப் பிள்ளையை அனுப்புமுன்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை எமக்கு வந்த கடிதங்களில் ஒரு கட்டு முழுவதும் ஒரே விடயத்தைப் பற்றியது. கித்துல்கல, நுவரெலியா, பெலிஹுல்ஓயா போன்ற இடங்களில் இரண்டு மூன்று நாட்கள் தங்கி, மலையேற்றம், கயிற்றுப் பயிற்சி, ஆற்றுப் படகு என்று நடத்தப்படும் வதிவிட சாகச முகாம்களுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று பெற்றோர் பலர் கேட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாரணர் பொறுப்பாசிரியராகப் பிள்ளைகளை முகாம்களுக்குக் கூட்டிச் சென்றவன் என்ற முறையில், தெரிந்தெடுத்த கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என் மகனுக்கு 13 வயது. ஓகஸ்ட் விடுமுறையில் கித்துல்கலவில் மூன்று நாள் முகாம் என்று அறிவித்தல் தந்திருக்கிறார்கள். அதில் ராஃப்டிங், அதாவது வேகமாக ஓடும் ஆற்றில் காற்றடைத்த படகில் போவதும் உண்டு. அவனுக்கு நீச்சல் தெரியாது. கிணற்றடியில் குளித்து வளர்ந்த பிள்ளை. அனுப்பலாமா? – தாயார் ஒருவர், மானிப்பாய்

அம்மா, முகாமுக்கு அனுப்பலாம். ஆற்றில் இறங்குவதை மட்டும் தனியாக எடுத்து யோசிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஆறு என்பது பழக்கமில்லாத ஒன்று. எங்களுக்கு இருப்பது வழுக்கியாறு ஒன்றுதான். அதிலும் மாரியில்தான் தண்ணீர் ஓடும். கீரிமலைக் கேணியிலும் கசூரினாக் கடற்கரையிலும் குளித்த பிள்ளைக்குத் தண்ணீரைப் பற்றிப் பயம் இல்லாமல் இருக்கலாம்; ஆனால் ஓடும் தண்ணீரின் குணம் அதற்குத் தெரியாது. கேணியில் கால் ஊன்றி நிற்பது பாதுகாப்பு. ஆற்றோட்டத்தில் கால் ஊன்ற முயல்வதுதான் ஆபத்து, ஏனென்றால் பாறைகளுக்கிடையில் பாதம் சிக்கிக்கொண்டால் ஓட்டம் உடலை முன்னே தள்ளித் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும். படகிலிருந்து விழுந்தவர் மல்லாந்து, கால்கள் இரண்டையும் முன்னே நீட்டி, பாதங்களை நீர்மட்டத்துக்கு உயர்த்திக்கொண்டு மிதக்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் சொல்வது இதற்காகத்தான்.

காலத்தையும் கவனியுங்கள். எங்களுக்குச் சோளகம் வீசி, முற்றத்து மண் பறக்கிற ஓகஸ்ட் மாதம், கித்துல்கலவில் ஓடும் களனி கங்கையின் மேற்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலம். அந்த ஆற்றின் நீர்மட்டம் மேலே பெய்யும் மழையை மட்டுமன்றி, மேலேயுள்ள நீர்த்தேக்கங்களிலிருந்தும் நீர்மின் நிலையங்களிலிருந்தும் விடப்படும் தண்ணீரையும் பொறுத்தது. ஆகையால் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறலாம். உள்ளூர்ப் படகோட்டிகள் இதை நன்கு அறிவார்கள். எனக்குக் கூடுதல் கவலை தருவது ஒழுங்கான படகுப் பயணமல்ல. பயணம் முடிந்து, மிதவை அங்கிகளைக் கழற்றிய பின்பு, "கொஞ்ச நேரம் குளியுங்கோ" என்று பாறைக் குட்டைகளில் பிள்ளைகளை விட்டுவிடும் அந்த அரை மணித்தியாலம். படகில் இருந்த பயிற்றுநர் அப்போது தேநீர் குடிக்கப் போயிருப்பார். அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு என்று பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மலைநாட்டு நிலையம் ஒன்றில் எங்கள் பிள்ளைகளுக்கு மிதவை அங்கிகளைக் கொடுத்தார்கள். பயிற்றுநர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விரைவாக விளக்கினார். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நானும் நம்பிவிட்டேன். சிறிய திருப்பம் ஒன்றில் படகு சாய்ந்து, 12 வயதுப் பையன் ஒருவன் விழுந்தான். அங்கியின் பக்கப் பட்டிகள் இறுக்கப்படவில்லை. ஆள் தண்ணீருக்குள் போக, அங்கி மட்டும் மேலே எழும்பி அவனுடைய வாயையும் மூக்கையும் மூடி, காதுகள் வரை ஏறி நின்றது. இரண்டு கைகளாலும் அதைக் கீழே இழுக்க முயன்றானே தவிர, நீட்டிய துடுப்பைப் பிடிக்க அவனுக்குக் கை இருக்கவில்லை. பின்னால் வந்த படகிலிருந்தவர்கள் தூக்கினார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

அதன் பின்பு, என் கையால் சோதிக்காமல் எந்தப் பிள்ளையையும் தண்ணீருக்கு அருகில் விட்டதில்லை. சோதனை எளிது. அங்கியை அணிவித்து, எல்லாப் பட்டிகளையும் கீழிருந்து மேலாக இறுக்கி, தோள் பகுதியில் இரண்டு கைகளாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி நாடியைத் தாண்டி ஏறினால் அது பெரியது, அல்லது இறுக்கம் போதாது. வளர்ந்தவருக்குரிய அங்கியைச் சிறு பிள்ளைக்குப் போட்டு "இறுக்கினால் சரி" என்று சொல்வதை ஏற்கவேண்டாம். தலைக்கவசமும் அப்படித்தான். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் அது இருக்க வேண்டும். நாடிப் பட்டிக்குள் ஒரு விரலுக்கு மேல் நுழையக்கூடாது. இந்தச் சோதனையை மகனுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் அங்கியை அவன் தூக்கிப் பார்க்கட்டும். அவனுடையதை மற்றவன் பார்க்கட்டும்.

மொழி விடயம் எங்களுக்குப் பெரியது. படகில் கட்டளைகள் நாலைந்துதான்: முன்னோக்கி வலி, பின்னோக்கி வலி, நிறுத்து, உள்ளே குனி, கயிற்றைப் பிடி. ஆனால் அவை வரும் வேகத்தில் மொழிபெயர்த்து விளங்கிக்கொள்ள நேரமில்லை. தமிழ் தெரிந்த பயிற்றுநர் இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால், அவர் பயன்படுத்தும் சொற்களையே கரையில் வைத்துப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லி, செய்தும் காட்டிய பின்புதான் படகு புறப்பட வேண்டும் என்று கூட்டிச்செல்லும் ஆசிரியரிடம் இப்போதே சொல்லுங்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை அடக்கக்கூட அஞ்சும் பிள்ளையாக உங்கள் மகன் இருந்தால், இவ்வருடம் ஆற்றை விட்டு மற்றவற்றில் சேரட்டும். அது அவனுக்குக் குறைவல்ல.

அனுமதிப் படிவத்தில் "எந்த அசம்பாவிதத்துக்கும் ஏற்பாட்டாளர்கள் பொறுப்பல்ல" என்று ஒரு வரி உள்ளது. கையெழுத்திடலாமா? இவற்றையெல்லாம் கேட்டால் ஆசிரியர்கள் மனம் நோகாதா? – தந்தை ஒருவர், சாவகச்சேரி

ஆசிரியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் எங்கள் ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. நான் அந்தப் பக்கத்தில் இருந்தவன்; ஆகவே உறுதியாகச் சொல்கிறேன். நல்ல ஏற்பாட்டாளருக்குக் கேள்வி கேட்கும் பெற்றோர் பாரமல்லர். தான் மறந்ததை நினைவூட்டுபவர்கள் அவர்கள். கேள்வியைக் கண்டு கோபப்படும் ஏற்பாட்டாளரிடம் பிள்ளையை ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

அந்த வரியை நானாக இருந்தால் வெட்டி, அருகில் கையொப்பமிட்டு, இரண்டு விடயங்களை எழுதித் தரும்படி கேட்பேன். எந்தெந்தச் செயற்பாடுகளில் பிள்ளை பங்குபற்றப் போகிறது என்ற பட்டியல் ஒன்று. அவசர நிலையில் வைத்தியசாலையில் சேர்த்துச் சிகிச்சை அளிக்க என் சம்மதமும் என்னைத் தொடர்புகொள்ளும் ஒழுங்கும் மற்றையது. பட்டியலில் இல்லாத ஒன்றை அங்கே போய்த் திடீரெனச் சேர்ப்பதற்குச் சம்மதமில்லை என்றும் எழுதலாம். பாடசாலையால் கூட்டிச் செல்வதாயின் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி பெறும் ஒழுங்கு இருக்கிறது. அனுமதி கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள். தனியார் கல்வி நிலையம் கூட்டிச் சென்றால் அந்த ஒழுங்குக்குள் அது வராமல் போகலாம். அப்போது உங்கள் கேள்விகள் இன்னும் முக்கியமாகின்றன.

ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால், "மழை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்பதையே கேட்பேன். "ஒன்றும் ஆகாது, நாங்கள் எத்தனையோ முறை போயிருக்கிறோம்" என்பது பதிலல்ல. எந்த நிலையில் ஆற்றுப் பயணத்தை நிறுத்துவோம், அதற்குப் பதிலாக உள்ளே என்ன செய்வோம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எங்கே இடம்பெயர்வோம் என்று தடுமாறாமல் சொல்பவர் தயாராக இருப்பவர். ஏப்ரல் விடுமுறை முகாமாயின் இடிமின்னலைப் பற்றியும் கேளுங்கள். பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட அந்தக் காலத்தில் பிற்பகல்களில் மின்னல் கடுமையாக இருக்கும். திறந்த மலைமுகட்டிலும் தனி மரத்தின் கீழும் பிள்ளைகள் நிற்கக்கூடாது. மலையேற்றம் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிய வேண்டும்.

அடுத்ததாக, முதலுதவி கற்றவர் யார், அவர் குழுவோடு நடப்பவரா அல்லது அலுவலகத்தில் இருப்பவரா, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள், அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு எத்தனை நிமிடம், முகாமிடத்தில் எப்போதும் ஒரு வாகனம் நிற்குமா, கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்குமா என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவச சேவை. ஆனால் காட்டுப் பாதையின் உள்ளே அது வராது. வீதிவரை பிள்ளையைக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் ஏற்பாட்டாளர் யோசித்திருக்க வேண்டும்.

இவற்றிலெல்லாம் பெற்றோர் கேட்க மறப்பது பஸ்ஸைப் பற்றி. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரையிலான ஏ9 வீதியே ஏறத்தாழ 320 கிலோமீற்றர். அதற்குப் பின்தான் மலைப்பாதை தொடங்குகிறது. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும், அதே வருடம் செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்றவர்கள் இறந்ததையும் நாம் மறக்க முடியாது. இரவு முழுவதும் ஓடிய அதே சாரதி, விடியற்காலையில் மலை வளைவுகளில் ஓட்டக்கூடாது. இரண்டு சாரதிகள் இருப்பார்களா? ஆசனங்களுக்கு மேல் ஆட்களை ஏற்றுவார்களா? திரும்பும் பயணம் முகாம் முடிந்த களைப்போடு அன்றிரவே தொடங்குமா? கயிற்றில் தொங்குவதைப் பற்றி ஒரு மணித்தியாலம் கவலைப்படும் நாங்கள், இந்த மூன்று கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

லண்டனில் வசிக்கிறோம். பாடசாலையில் ஐந்து நாள் வதிவிடப் பயணம் என்று மகளைக் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்திலுள்ள என் தாயார் பேத்தியை அனுப்பவேண்டாம் என்று அழுகிறார். – வாசகி, லண்டன்

உங்கள் தாயாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். 1993 மார்ச் 22ஆம் திகதி, இங்கிலாந்தின் லைம் குடாவில், பாடசாலைப் பிள்ளைகளின் குழு ஒன்று சாகச நிலையம் ஒன்றினால் கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகுகளில் கடலுக்குள் அழைத்துச் செல்லப்பட்டது. காற்று அவர்களைக் கரையிலிருந்து வெளியே தள்ளியது, படகுகள் கவிழ்ந்தன, உதவி வர மணிக்கணக்கானது. நான்கு பதின்ம வயதினர் இறந்தார்கள். அந்த நிலையத்தில் முன்னர் வேலை செய்த பயிற்றுநர்கள் இருவர் அதன் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி ஏற்கனவே எழுத்தில் எச்சரித்திருந்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. நிலையத்தை நடத்திய நிறுவனமும் அந்நிறுவனத்தின் முகாமைப் பணிப்பாளரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். இறந்த பிள்ளைகளின் பெற்றோர் ஓயாமல் குரல் கொடுத்ததன் பயனாக 1995இல் தனிச் சட்டம் வந்து, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குச் சாகசச் செயற்பாடுகளை விற்கும் நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமானது.

ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். அந்த அனுமதிப்பத்திரம் ஏறுதல், நீர் விளையாட்டு, மலை நடை, குகைப் பயணம் ஆகிய நான்கு வகைகளையே சார்ந்தது. உயரக் கயிற்றுப் பாதை, கம்பியில் சறுக்குதல், அம்பெய்தல் போன்றவை அதற்குள் வருவதில்லை. எனவே "அனுமதிப்பத்திரம் உண்டு" என்று சொன்னதும் நிறுத்திவிடாமல், மகள் செய்யப்போகும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பாடசாலை பெற்றோர் கூட்டம் வைக்கும், போய் உட்காருங்கள். தாயாரின் அழுகைக்கு நல்ல மருந்து, மகளே அம்மம்மாவுடன் காணொளி அழைப்பில் கதைத்துத் தன் பயணப் பையைக் காட்டுவது.

மகளுக்கு 12 வயது. இன்னும் பெரியபிள்ளை ஆகவில்லை. முகாமில் வைத்து அது நடந்துவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சுகிறேன். பெண்பிள்ளையை இரவு வெளியே விடாதே என்று உறவினர்களும் சொல்கிறார்கள். – தாயார், கரவெட்டி

நடந்தால் நடக்கட்டும், அம்மா. அது வருத்தமல்ல. முதலில் மகளுக்கு அதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அணையாடைகளைப் பையில் வைத்து, பயன்படுத்தும் முறையையும் காட்டுங்கள். உடன்செல்லும் ஆசிரியை ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், செய்தி முதலில் உங்களுக்கு வரும். வீட்டில் செய்யவேண்டிய சடங்குகளைப் பிள்ளை திரும்பி வந்த பின்பு உங்கள் விருப்பப்படி செய்யலாம். அன்றைய தினம் தண்ணீருக்குள் இறங்க விரும்பவில்லை என்று அவள் சொன்னால், காரணம் கேட்காமல் விடும் ஆசிரியை அவளுடன் இருக்க வேண்டும்.

உறவினரின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அது ஆண்பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதை அவர்கள் மறக்கிறார்கள். பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் தனித்தனி இடங்களில் தூங்க வேண்டும். வளர்ந்தவர் எவரும் பிள்ளைகளின் கூடாரத்துக்குள் படுக்கக்கூடாது. தனியாக ஒரு பிள்ளையை ஒரு பெரியவர் மறைவான இடத்துக்குக் கூட்டிச் செல்லக்கூடாது. இரவில் கழிவறைக்குப் போக வெளிச்சமும் துணையும் வேண்டும். நிலையத்தின் சமையலாள், காவலாளி முதலானோர் பிள்ளைகள் தங்கும் பகுதிக்குள் வரும் ஒழுங்கு என்ன என்பதையும் கேளுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிறியவர்களைப் "பகிடி" என்ற பெயரில் வதைப்பதும் இரவில்தான் நடக்கும். பயிற்றுநர் சொன்னாலும், உடம்புக்கோ மனதுக்கோ சரியில்லாத ஒன்றைச் செய்யமாட்டேன் என்று மறுக்கும் உரிமை உண்டு என்று மகளுக்குச் சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் போதாது, சொல்லிப் பழக்குங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை அவள் மனனம் செய்யட்டும்.

பேரனுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உண்டு. நுவரெலியாக் குளிருக்கு அனுப்பலாமா? அட்டை, பாம்பு பற்றியும் எழுதவும். – அம்மம்மா, வேலணை

முதலில் அவனைப் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள். அண்மைக் காலத்தில் அடிக்கடி முட்டு வந்திருந்தால் இந்தமுறை வேண்டாம். கட்டுப்பாட்டில் இருந்தால் போகலாம். இழுக்கும் மருந்து ஒன்று அவனுடைய காற்சட்டைப் பையில், இன்னொன்று ஆசிரியரிடம். முகாம் அலுவலக அலுமாரியில் பூட்டி வைத்த மருந்து, மலைமேல் மூச்சுத் திணறும் பிள்ளைக்கு உதவாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் இரவு, வேலணையில் வளர்ந்த பிள்ளை அறியாத குளிர். ஒரு தடித்த ஸ்வெற்றரை விட, ஒன்றின்மேல் ஒன்றாக அணியும் இரண்டு மூன்று மெல்லிய உடைகள் நல்லவை. இரவு உடுத்துவதற்கென்று ஒரு சோடி காய்ந்த உடையைப் பொலித்தீன் பைக்குள் கட்டித் தனியே வையுங்கள். காலுறைகள் தாராளமாக இருக்கட்டும்.

அட்டை கடித்தால் சிறிது இரத்தம் போகும். சவர்க்காரமோ உப்போ தடவினால் விட்டுவிடும். கடித்த இடத்தைக் கழுவிச் சுத்தமாக வைத்திருந்தால் போதும். அதைவிடக் குளவிக் கொட்டைப் பற்றியே நான் கூடுதலாக எச்சரிப்பேன். தேயிலைத் தோட்டப் பகுதிகளில் அது அடிக்கடி நடப்பது. கூட்டுக்குக் கல்லெறிவது, அருகில் புகை போடுவது வேண்டாம். ஈரவலயத்தில் இலைச் சருகுக்குள் கிடக்கும், சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் சிறிய விரியன் ஒன்று உண்டு. மூடிய சப்பாத்தும் இரவில் கைவிளக்கும் இருந்தால் பெரும்பாலும் தப்பலாம். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவோ, கீறவோ, வாயால் உறிஞ்சவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் நேரே அரச வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

திரும்பி வந்து மூன்று நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல், கால் தசை நோ, கண் சிவப்பு ஏதும் வந்தால், பிள்ளை ஆற்றிலும் சேற்றிலும் இறங்கியது என்று வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். முகாம் முடிந்துவிட்டது என்று அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

கைத்தொலைபேசி கொண்டுவரக்கூடாது என்கிறார்கள். பிள்ளை அழுதால்? – தாயார், சுன்னாகம்

முதல் இரவு பல பிள்ளைகள் அழுவார்கள். இரண்டாம் நாள் காலை அதை மறந்துவிடுவார்கள். அழும் நேரத்தில் தாயின் குரல் கேட்டால் அழுகை கூடும். "பிடிக்காவிட்டால் சொல்லு, அப்பா வந்து கூட்டிக்கொண்டு வருவார்" என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்கவேண்டாம். அப்படிச் சொன்னால், உன்னால் முடியாது என்று நாமே பிள்ளைக்குச் சொன்னதாகிவிடும். அதற்குப் பதிலாக, ஒவ்வோர் இரவும் குறித்த நேரத்தில் ஆசிரியர் ஒருவர் பெற்றோர் குழுவுக்குச் செய்தி அனுப்பும் ஒழுங்கைக் கேளுங்கள். போகுமுன் பெரியம்மா வீட்டிலோ மாமா வீட்டிலோ இரண்டு இரவுகள் தனியே தங்கவிட்டுப் பாருங்கள்.

நான் 15 வயது மாணவன். அப்பாவும் அம்மாவும் விடுவதாக இல்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது? – பருத்தித்துறை

தம்பி, சண்டை பிடிக்கவேண்டாம். அவர்கள் பயப்படுவது உன் மீது நம்பிக்கை இல்லாததால் அல்ல. அங்கே என்ன நடக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லாததால். இப்பக்கத்தை அவர்களிடம் கொடு. மேலேயுள்ள கேள்விகளை ஒரு தாளில் எழுதி, நீயே ஆசிரியரிடம் கேட்டு, பதில்களையும் எழுதிக் கொண்டுபோ. பதில் கிடைக்காத கேள்விகளை மறைக்காமல் வெறுமையாகவே விட்டுக் காட்டு. இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் பயிற்றுநர் ஒருவரிடம் நீந்தக் கற்றுக்கொள். கடலடியில் பிறந்தும் நீந்தத் தெரியாமல் பலர் இருக்கிறோம். பையை நீயே அடுக்கு. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று இருட்டில் கைவிட்டு எடுக்கத் தெரியும்வரை அதை மீண்டும் மீண்டும் வெளியே எடுத்து அடுக்கிப் பார். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்.